எப்போதும் நூறு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நூறு என்று பேர். வயதில் சின்னவர்கள் நூறக்கா என்பார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிகூட, "நூறம்மா இன்னும் இறங்கலையே" என்றுதான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். கேலிக்கு வைத்த பேர்தான். ஆனால் அதுவரை யாரும் அவளுக்கு ஒரு செல்லப்பேர் வைத்ததில்லை. அதனால் அவள் அதை உதறவில்லை.

அந்தப் பேர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் கணையத்துக்குள் கொஞ்ச தூரம் போய்வர வேண்டும்.

கணையத்துக்குள் சின்னச் சின்னத் தீவுகளாக இன்சுலின் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றில் சில அவ்வப்போது சாவது இயல்பு. நல்ல சாவு என்று ஒன்று செல்லுக்கும் உண்டு. காலம் முடிந்த செல் தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளும். தன் தோலின் உட்பக்கம் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு வகைக் கொழுப்பை வெளிப்பக்கம் திருப்பிக் காட்டும். சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு தெருவில் நிற்கிற மாதிரி. 'என் கதை முடிந்தது, வந்து எடுத்துக்கொள்' என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்த்ததும் பக்கத்தில் திரிகிற விழுங்கி செல் வரும். ரத்தத்திலிருந்து வந்து அந்தத் திசுவிலேயே குடியேறிவிட்ட செல் அது. கைபோல ஒரு மடிப்பை நீட்டும், அணைக்கும், முழுசாக உள்ளே இழுத்துத் தன் அமிலப் பைக்குள் போட்டுக் கரைத்துவிடும். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. அக்கம்பக்கத்துக்கே தெரியாது.

சர்க்கரை நோய் வந்த உடம்பில் இந்த விழுங்கிகள் மந்தமாகிவிடுகின்றன. தொட்டுப் பார்க்கும், கட்டிப்பிடிக்கும், விழுங்காது. எடுக்க ஆளில்லாத செல் எவ்வளவு நேரம்தான் காத்திருக்கும்? கடைசியில் வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டும். கொட்டியதைப் பார்த்த உடம்பின் காவல்படை, எவனோ எதிரி புகுந்துவிட்டான் என்று ஓடிவரும். வந்த படை சும்மா திரும்புமா? பக்கத்தில் ஒழுங்காக இன்சுலின் சுரந்துகொண்டிருந்த செல்களையும் சேர்த்து அடிக்கும். சாவு கூடும், எடுக்கிறவர்கள் குறைவார்கள். பட்ட காலிலே படும் என்பது கணையத்துக்கும் பொருந்தும்.

இதைச் சொல்ல ஆரம்பித்தால் அவள் கண் மின்னும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்கள். மாடிவீட்டுக்காரர்களிடம் சொன்னாள், "நீங்க ரொம்பப் படிச்சவங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசி வரை கேட்பவன் ஒருவன்தான், அவளுடைய தம்பி. அவனும் கேட்கத் தொடங்கியது அவனுக்குச் சர்க்கரை வந்த பிறகு.

ஆய்வுக்கூடத்தில் நடந்தது இதுதான். அந்த மந்த விழுங்கிகளைத் தட்டி எழுப்ப ஒரு மாத்திரை இருந்தது. அதைச் சாப்பிடும் நோயாளிகளின் ரத்தம் பக்கத்து மருத்துவமனையிலிருந்து மாதாமாதம் வரும். அதிலிருந்து இளம் செல்களைப் பிரித்துத் தட்டில் ஒரு வாரம் வளர்த்தால் விழுங்கிகளாகும். பிறகு சாகிற கணையச் செல்களை அவற்றுக்குப் போடுவார்கள். அந்தச் செல்களுக்கு ஒரு சாயம் பூசியிருக்கும். வெளியே இருக்கிறவரை அது இருட்டு. அமிலப் பைக்குள் விழுந்தால்தான் சிவப்பாக எரியும். ஆக, எத்தனை விழுங்கி சிவந்தது என்று எண்ணினால் போதும்.

ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது. ஒரு நாள் சாயம் கொஞ்சம் பழசாக இருக்கும், ஒரு நாள் போடுகிற செல்கள் பாதி சாகாமலே நிற்கும். அதனால் நோயில்லாத ஒருவரின் விழுங்கிகளையும் கூடவே ஓட்டி, அவருடைய கணக்கை நூறு என்று வைத்துக்கொண்டு, மற்றவர்களை அதோடு ஒப்பிடுவார்கள். தராசில் எடைக்கல் போடுகிற மாதிரி. எடைக்கல் ஒவ்வொரு மாதமும் மாறக் கூடாது. அதனால் ஒரே ஆள்தான் கடைசிவரை ரத்தம் தர வேண்டும்.

யார் தருவது என்று பேச்சு வந்த அன்று ஆளாளுக்குச் சாக்கு வைத்திருந்தார்கள்.

"எனக்கு பிரஷர் மாத்திரை ஓடுது. என் ரத்தம் செல்லாது" என்றார் ஆய்வுக்கூடத்தின் தலைவர். அவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள்.

"ஊசியப் பாத்தாலே நான் கீழ விழுந்துருவேன். அப்புறம் என்னைத் தூக்க ரெண்டு பேர் வேணும்" என்றாள் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த பெண். கனமான கண்ணாடி போட்டிருந்ததால் தனக்குத் தானே சோடாபுட்டி என்று பேர் வைத்துக்கொண்டவள்.

கணினி பார்க்கிறவன் சிரித்தான். "திங்கட்கிழமை என் ரத்தத்துல என்ன இருக்கும்னு எனக்கே தெரியாது சார்."

"சரி, நான் தரேன்" என்றாள் அவள். "எனக்கென்ன, வீட்டுக்குப் போய் யாருக்கு ஆக்கிப் போடணும்?"

அவளுடைய சர்க்கரையைப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. அன்றிலிருந்து நூறு.

மாதாமாதம் கீழ்த்தளத்து மருத்துவ அறைக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருவாள். ரத்தம் எடுக்கிற சிஸ்டர் நரம்பைத் தேடி முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்து மெல்லத் தட்டுவார். "நல்ல நரம்புங்க உங்களுக்கு. கயிறு மாதிரி கெடக்கு" என்பார். அந்த இரண்டு விரலின் சூடு ஊசி எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? மற்ற நாட்களில் அவளை யாரும் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

*

தம்பி லிப்ட் மெக்கானிக். கட்டடத்தின் முதுகெலும்புக்குள் இறங்கி ஏறுகிறவன். இரண்டு தளத்துக்கு நடுவே லிப்ட் கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு கம்பிவடத்துக்கு எண்ணெய் பூசுவதில் அவனுக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட முகத்தில் தெரியவில்லை என்று அவன் மனைவியே சொல்வாள். நல்ல வயதில் அவனுக்குச் சர்க்கரை வந்தது. உடம்பு தன் செல்களையே அடிக்கிற வகை, ஊசியில்லாமல் முடியாது. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்த ஒரு நாள் கூண்டின்மேலேயே மயங்கிச் சாய்ந்தான். இடுப்புப் பட்டை இருந்ததால் பிழைத்தான். அதோடு கம்பெனி அவனை நிலவறைக் கிடங்கில் உட்கார வைத்துவிட்டது. உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிற வேலை.

மருத்துவமனை மூலமாகத்தான் அவன் அந்த மாத்திரை ஆய்வில் சேர்ந்தான். குழாய்களில் பெயர் இருக்காது, எண்தான். அவனுடையது எது என்று அவளுக்குத் தெரியாது.

"என்னக்கா, உன் பூதங்க சாப்பிடுதா?" என்று ஒரு நாள் போனில் கேட்டான்.

"பூதமில்லடா, விழுங்கி."

"ரெண்டும் ஒண்ணுதான். சாப்பிடுதா இல்லையா, அதச் சொல்லு."

"உன்னோடது எதுன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"என்னோடத யாரு கேட்டா? மொத்தமா எப்படி?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். அன்று காலையில்தான் சோடாபுட்டி வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடியிருந்தாள். ஆரம்பத்தில் நோயாளிகளின் விழுங்கிகள் அவளுடைய நூறுக்கு நாற்பதுதான் விழுங்கின. பிறகு அது ஐம்பது, அறுபது என்று போய், அன்று எழுபதைத் தொட்டிருந்தது.

"மொத்தமா... ஏறுது" என்றாள்.

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "கிடங்கு பூரா ஒரே தூசிக்கா" என்றான்.

அதுவரை அவன் கூப்பிட்டால் ஏதாவது விஷயம் இருக்கும்: யாருக்காவது உடம்பு சரியில்லை, அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வரி கட்டணும். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சும்மா கூப்பிட ஆரம்பித்தான். மகள் என்ன சேட்டை செய்தாள், கிடங்குச் சூப்பர்வைசர் எந்தப் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார் என்றெல்லாம் சொல்வான். சொல்லக் கூடாத ஒரு வார்த்தை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கிக் கொடுத்துவிட்டது. காலையிலேயே துணி துவைத்து, தரை துடைத்து, யாரோ நேரில் வரப்போகிற மாதிரி தலை வாரிக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருவாள். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். இந்த வருஷம் தாகம் ஜாஸ்தி. வெயில்தான் காரணம் என்று பெரிய பாட்டிலாக வாங்கியிருந்தாள்.

ஆளும் இளைத்திருந்தாள். "நூறக்கா, என்ன ரகசியம்? எங்களுக்கும் சொல்லுங்க" என்று சோடாபுட்டி கேட்டபோது, கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஒருவர் இருந்திருந்தால், 'இதென்ன, நல்லாத்தானே சாப்பிடுற, ஏன் இப்படி உருகுற?' என்று எப்போதோ கேட்டிருப்பார். அவளுக்கு எதிரே சுவர்தான் இருந்தது.

*

சிவந்த செல்களை எண்ணுவது கணினியின் வேலை. எண்ணி, வகுத்து, விகிதத்தை மட்டும் நீட்டும். தட்டைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் பார்க்காமல் இருக்க முடியாதவர்கள் சிலர் உண்டு. மாவு அரைக்கிற இயந்திரத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கிற வகை. அவளும் அப்படித்தான். அந்த மாதம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது தன்னுடைய தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். ஆசைக்குத்தான், தன் செல்கள் நன்றாகச் சாப்பிடுவதைப் பார்ப்பதில் ஒரு தாய்க்கு இருக்கிற மாதிரி திருப்தி.

அங்கே பாதிகூடச் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.

விழுங்கிகள் இருந்தன. சாகிற செல்களும் இருந்தன. ஒவ்வொரு விழுங்கியும் ஒன்றிரண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சிவந்திருந்தன. ஒருபக்கம் செல்கள் வெடித்துக் குப்பையாகக் கிடந்தன. அணைத்த கைக்குள்ளேயே ஒரு செல் கிழிந்து கொட்டியதை அவள் பார்த்தாள். அணைத்திருந்த விழுங்கி அசையவில்லை.

முதலில் தட்டு மாறிவிட்டது என்று நினைத்தாள். மாறவில்லை. சாயம் பழசு என்று நினைத்தாள். புதுச் சாயத்தில் போட்டாலும் அதே கதை. பிறகு கணினிக்காரனைக் கேட்டு, வகுக்கும் முன்பிருந்த எண்களை முதல் மாதத்திலிருந்து எடுத்துப் பார்த்தாள். நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் மொத்தத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. அவளுடையதுதான் மாதாமாதம் கரைந்துகொண்டே வந்திருந்தது. கரைந்ததை எல்லோரும் ஒவ்வொரு மாதமும் நூறு என்று அழைத்து, மற்றவர்களுடையது அதை நோக்கி ஏறுகிறது, ஏறுகிறது என்று கைதட்டியிருந்தார்கள். முதல் கட்டம் என்பதால் எல்லோருக்கும் நிஜ மாத்திரையே போயிருந்தது. வெறும் மாவு மாத்திரை சாப்பிடும் இன்னொரு கூட்டம் இருந்திருந்தால் அவர்களும் 'ஏறியிருப்பார்கள்', குட்டு அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

ஆனாலும் மனம் லேசில் விடுமா? தட்டின் கோளாறாக இருக்கலாம், வளர்த்த திரவத்தின் கோளாறாக இருக்கலாம் என்று அது வாதாடியது. அந்த வாதத்தை முடிக்க ஒரு வழி இருந்தது. முதல் மாதத்தில் எடுத்த அவளுடைய செல்களில் ஒரு குப்பி திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் உறைந்து கிடந்தது. அதை உருக்கி வளர்த்தாள். புதிதாக எடுத்த தன் செல்களையும் வளர்த்தாள். ஒரே தட்டில் இடதுபக்கம் பழைய அவள், வலதுபக்கம் இன்றைய அவள். ஒரே சாயம், ஒரே சாகிற செல்கள்.

இடதுபக்கம் திருவிழா வாணம் மாதிரிச் சிவந்தது. உறைந்து எழுந்த செல் மந்தமாக இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. அது இவ்வளவு பசியோடு இருந்ததுதான் அவளுக்குத் தப்பிக்க வழியில்லாமல் செய்துவிட்டது. வலதுபக்கம் பெரும்பாலும் இருட்டு. இனிப்பு ரத்தத்தில் ஊறிய செல், வெளியே வந்து நல்ல திரவத்தில் வளர்ந்தாலும் பழசை மறப்பதில்லை. இதை அவளே எத்தனையோ கூட்டங்களில் விளக்கியிருக்கிறாள். லென்ஸை இடதுக்கும் வலதுக்கும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். பழைய அவள் நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். அப்போது யாராவது அதைச் சொல்லியிருக்கலாம்.

கீழே போய்ச் சிஸ்டரிடம், "ஒரு சொட்டு அந்தச் சர்க்கரை மீட்டர்ல வெச்சுப் பாக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கா? உங்களுக்கு எதுக்குங்க?" சிஸ்டர் சிரித்துக்கொண்டே வைத்தார். எண் வந்ததும் சிரிப்பு நின்றது. "மிஷின் தப்பு போல" என்று இன்னொரு பட்டையை எடுத்தார். மிஷின் தப்பில்லை. முந்நூறைத் தாண்டியிருந்தது.

*

பெரிய டாக்டரின் அறையில் எண்களைப் பரப்பி வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். சோடாபுட்டி கதவோரம் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். பாதி எழுதிய அவளுடைய ஆய்வேடு முழுக்க அந்த வரைபடத்தின் மேல்தான் நின்றது.

"எல்லாரையும் ஸ்கேல வெச்சு அளந்தோம். ஸ்கேல ஒருத்தரும் அளக்கல" என்றார் பெரிய டாக்டர்.

"ஆமா சார்."

"இன்னொருமுறை செஞ்சு பாத்துருவோம். அப்புறம் மருத்துவமனைக்கு முறையா எழுதலாம். அதுவரைக்கும் நோயாளிங்க காதுக்கு எதுவும் போகக் கூடாது. பாதி உண்மை தெரிஞ்சா ஆளுக்கொண்ணு பண்ணுவாங்க."

"சரி சார்."

"எந்த மாசத்துலருந்து கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு முன்னாடி இருக்கறதையாவது காப்பாத்தலாம்." அவள் கதவுவரை போன பிறகு நினைவு வந்தவராக, "நீங்க ஒரு டாக்டரப் பாருங்க" என்றார். நல்ல மனிதர்தான். வேலை என்று வந்தால் கண்ணுக்கு முன்னால் இருப்பது தெரியாது.

அந்த ஞாயிறு அவள் தலை வாரவில்லை. போன் மட்டும் அடித்தது.

"அக்கா, ஒரு நல்ல சேதி!" தம்பியின் குரல் குதித்தது. "திரும்ப வேலைல விடச் சொல்லி கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேன். கூண்டு மேல ஏறப் போறேன். கிடங்குக்கு ஒரு கும்பிடு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவரு கெடக்காரு. நானே ஊசியக் கொறச்சுட்டு வரேன். செல்லெல்லாம் தேறி எந்திரிக்குது, இன்னும் எதுக்கு முழு ஊசி? பாதில நிக்கிறேன் இப்ப."

"எவ்வளவு நாளா?"

"நீ ஏறுதுன்னு சொன்னியே, அதுலருந்து கொஞ்சம் கொஞ்சமா. பயப்படாத, கால்ல கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். ஏய், சின்னவளே, அத்தைக்கு வணக்கம் சொல்லு..."

குழந்தை வணக்கம் சொன்னது. அவளும் சொன்னாள். பெரிய டாக்டரின் கட்டளை ஒரு காதில் இருந்தது. இன்னொரு காதில் இந்தச் சிரிப்பு. உண்மையைச் சொன்னால் இந்தச் சிரிப்போடு ஞாயிற்றுக்கிழமையும் போகும். சொல்லாவிட்டால் இவனே போய்விடுவான். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தும் அன்று போனில் அவளால் வாய் திறக்க முடியவில்லை. "இன்னிக்கு ராத்திரி முழு ஊசி போட்டுக்க. நாளைக்கு நேர்ல வரேன், சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

*

கிடங்கு ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. அலமாரி அலமாரியாகப் பட்டன் தகடுகள், கதவு உருளைகள், சுருட்டிய கம்பிவடங்கள். நடுவே மேசை போட்டுத் தம்பி உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. போனில் கன்னம் தெரிவதில்லை.

"வாக்கா! நீ என் ஆபீசுக்கு வந்ததே இல்ல. உக்காரு. இது நாற்காலி இல்ல, மோட்டார் பெட்டி, பரவாயில்லையா?"

அவள் உட்கார்ந்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. விளக்குவதற்கென்றே பிறந்தவள் மாதிரி வாழ்ந்தவளுக்கு அன்று நாக்கு எழவில்லை.

"ஊசி போட்டியா நேத்து?"

"அதக் கேக்கவா வந்த? பாதி போட்டேன்."

"மாத்திரை வேலை செய்யலடா."

அவன் சிரித்தபடியே இருந்தான், சிரிப்பை நிறுத்த மறந்தவன் போல. "ஏறுதுன்னியே."

"உங்க எல்லாரையும் என்னோட ஒப்பிட்டுத்தான் பாத்தோம். என்னோடத எப்பவும் நூறுன்னு வெச்சுக்குவோம். அந்த நூறே கொறைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நீங்க நின்ன எடத்துலயேதான் நின்னீங்க. அது தெரியாம..."

அவன் கையைத் தூக்கி நிறுத்தினான். மேசைமேல் கிடந்த ஒரு கதவு உருளையை எடுத்து விரலால் சுற்றினான். அது சத்தமில்லாமல் சுற்றி நின்றது.

"லிப்ட் ஏறல" என்றான். "கட்டடம் எறங்கியிருக்கு. அப்படித்தானே?"

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். இவ்வளவு சீக்கிரம் யாரும் புரிந்துகொண்டதில்லை. "ஆமா" என்றாள்.

"அதப் பாத்து நான் கதவத் தொறந்து காலை வெக்கப் போனேன்."

"நான் சொல்லியிருக்கவே கூடாதுடா."

"சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சும் ஏன் சொன்ன?"

அவளிடம் பதில் இருந்தது. நீ கேட்டதும் சந்தோஷமாக இருந்தது, நீ சந்தோஷப்பட்டதும் இன்னும் சந்தோஷமாக இருந்தது, அதற்கப்புறம் நீ கூப்பிட ஆரம்பித்தாய். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

"பேசு. இவ்வளவு நாளும் நிறுத்தாமத்தானே பேசின? பூதம், தீவு, சட்டை, எல்லாம் சொன்னியே? எம் பொண்ணுகிட்ட அப்பா மறுபடி உசரத்துல ஏறப் போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். அதுக்கு இப்ப என்ன சொல்லட்டும்?"

"முதல்ல ஊசியப் போடு. மீட்டர் எங்க?"

அவன் மேசை இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தான். சர்க்கரையைப் பார்த்தான், எண்ணை அவளுக்குக் காட்டவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றில் முழு அளவு குத்திக்கொண்டான். மூடியைப் போட்டு, ஊசிப்பேனாவை உள்ளே வைத்து, இழுப்பறையைத் தள்ளினான். எல்லாம் அவளைப் பார்க்காமலே.

"கம்பெனிக்கு எழுதினதத் திரும்ப வாங்கிக்கிறேன். நீ போ."

"டாக்டர்கிட்ட நானும் கூட..."

"போக்கா. கொஞ்ச நாள் என்கிட்ட ஒண்ணும் வெளக்காத."

படியேறி வெளியே வந்தாள். தெருவில் சாதாரணமான ஒரு திங்கட்கிழமை போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது: நூறு ஏன் குறைந்தது என்று அவன் கேட்கவே இல்லை. அவளும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். அவரிடமும் சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வுக்கூடத்துக்குப் போய், தம்பியிடம் சொல்லிவிட்டதைப் பெரிய டாக்டரிடம் ஒத்துக்கொண்டாள். அவர் திட்டவில்லை. ஊசியைக் குறைத்திருந்தான் என்று கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். மறுபடி செய்து பார்ப்பதற்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லி, மாத்திரை சாப்பிட்ட எல்லோரையும் கூப்பிட்டு ஊசி அளவைக் கேட்கச் செய்தார். அவனைப் போலவே இன்னும் இரண்டு பேர் குறைத்திருந்தார்களாம். அவர்களுக்கு யார் என்ன சொல்லியிருந்தார்களோ.

அந்த மாதம் ரத்தம் கொடுக்கும் நாற்காலியில் சோடாபுட்டி உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நூறக்கா, கையப் புடிச்சுக்கங்க, ப்ளீஸ்" என்றாள். அவள் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் சோடாபுட்டியின் முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டினார். "இவங்களுக்கு நரம்பே அம்படல. உங்களுது மாதிரி வராதுங்க" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். பேரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் இன்னும் நூறக்கா என்றே கூப்பிட்டார்கள். அதில் கேலி துளியும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

டாக்டரைப் பார்த்தாள். சோதனைகளுக்குப் பிறகு, தம்பிக்கு வந்த அதே வகைதான், மெல்ல வருகிறது என்றார். ஊசியும் ஒரு மீட்டரும் எழுதிக்கொடுத்தார். வீட்டில் யாராவது இருக்கிறார்களா, சர்க்கரை திடீரென்று இறங்கினால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிறு வந்தது. துணி துவைத்தாள், தரை துடைத்தாள். போன் அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு தம்பியின் மனைவிக்குத் தானே போன் போட்டு, நலம் விசாரித்து, "எனக்கும் வந்திருக்கும்மா" என்று மட்டும் சொன்னாள். "அய்யோ அண்ணி" என்று அந்தப் பெண் சொன்னது. பின்னால் தம்பியின் இருமல் கேட்டது. அவன் போனை வாங்கவில்லை.

மறுநாள் காலை ஒரு மெசேஜ் வந்தது. வணக்கம் இல்லை, அக்கா என்றுகூட இல்லை.

'காலைல எதும் சாப்பிடறதுக்கு முன்னாடி பாரு. வெரல் நுனில குத்தாத, ஓரமா குத்து, அவ்வளவா வலிக்காது. கையில எப்பவும் ரெண்டு மிட்டாய் வெச்சுக்க.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கையைக் கழுவித் துடைத்து, மேசைமேல் மீட்டரைத் திறந்து வைத்தாள். அதுவரை நுனியில்தான் குத்திக்கொண்டிருந்தாள். இந்த முறை ஓரமாகக் குத்தினாள். அவன் சொன்னது சரிதான். எண் வந்ததும் அதை மட்டும் அவனுக்கு அனுப்பினாள். விளக்கம் எதுவும் எழுதவில்லை.

அவன் பார்த்துவிட்டதற்கான குறி விழுந்தது. பதில் வரவில்லை. அவள் ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்பினாள். மறுநாள் காலையும் எண்ணை அனுப்பினாள்.